ஆறாவது கம்பி

“அவசரமா மகள்?” என்று கேட்டார் செபஸ்தியன்.

“இல்ல அங்கிள்.”

“அப்ப இத ஒருக்கா எண்ணிக் குடுத்துட்டுப் போங்க.”

பழைய பிஸ்கட் தகரமொன்றை மேசையில் கவிழ்த்தார். கித்தான் தைக்கும் ஊசிகள், மெஷின் ஊசிகள், முனை மழுங்கிய ஒரு கோணி ஊசி. என் கைப்பையின் வார் அறுந்திருந்தது. அதைத் தைத்துக்கொள்ள வந்திருந்தேன். மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பின்பக்கத்துச் சந்தில் இருந்த அந்தக் கடைக்குள் அன்றுதான் முதன்முதலாகப் போகிறேன். 2003 ஓகஸ்ட், மாலை ஐந்து மணி இருக்கும்.

“எத்தனை இருக்கணும் அங்கிள்?”

“அதச் சொன்னா, அந்த எண் வர்ற வரைக்கும்தான் எண்ணுவீங்க. சும்மா எண்ணுங்க.”

எண்ணினேன். “இருபத்திமூணு.”

“இன்னொருக்கா.”

உள்ளேயிருந்து அவருடைய மனைவி தெரேசாவின் குரல் வந்தது. “வார் தைக்க வந்த புள்ளய உக்கார வச்சு எண்ண வைக்கிறீங்களே! நாளைக்கு ஒருத்தரும் கடைக்கு வராட்டி நானா வந்து எண்ணுறது?”

“நீ எண்ணினா ஒண்ணு கூடத்தான் வரும்.”

“கூட வந்தா நல்லதுதானே. கொறையாம இருந்தா சரி.”

மறுபடியும் இருபத்துமூன்றே வந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதத் துண்டை எடுத்துப் பிரித்தார். காலையில் வேறு யாரோ எண்ணி எழுதிவைத்த இலக்கம். அதுவும் இருபத்துமூன்று. காகிதத்தைக் கிழித்துப்போட்டார்.

“நீங்க கன்னியாஸ்திரிமார் ஸ்கூல்ல படிச்ச புள்ளதானே? இங்கிலீஷ்ல காயிதம் எழுதுவீங்களா?”

“எழுதுவேன். யாருக்கு?”

“நோர்வேக்கு.”

“சமாதானப் பேச்சுக்கு இவரத்தான் கூப்பிட்டிருக்காங்க!” என்றார் தெரேசா ஆன்ட்டி. அந்த வருஷங்களில், பேச்சுக்கு நடுவராக நின்ற நோர்வே என்றாலே ஊரில் சிலர் சிரித்தார்கள், சிலர் முறைத்தார்கள்.

“என்ன எழுதணும் அங்கிள்?”

“ஒரு கம்பி காணாமப் போயிருச்சு. அது அவங்க பைக்குள்ள இருந்திச்சான்னு கேக்கணும்.”

“எப்ப காணாமப் போச்சு?”

“எண்பத்தெட்டு டிசம்பர்ல.”

நான் சிரிக்கவில்லை. உள்ளே தெரேசா ஆன்ட்டியும் பேச்சை நிறுத்தியிருந்தார். அதனால்தான் இது விளையாட்டல்ல என்று எனக்குப் பட்டது.

செபஸ்தியன் பிறந்தது உக்குவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில். தையல் கற்றது மாத்தளை டவுனில். எழுபத்துநான்கில் அவருடைய அண்ணன் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறியபோது, அவர்கள் சாமான் கட்டிய கித்தான் பைகள் எல்லாம் இவர் தைத்தவை. தடித்த துணியில் இவர் கைத்தையல் நேராக விழும். லொறி மூடுகிற படங்கு, கூடாரம், சைக்கிள் சீட் உறை என்று வேலை வந்துகொண்டே இருந்தது.

எண்பத்தொன்றில் ஒரு ஜீப் டிரைவர் வந்து, தோளில் மாட்டும் ஒரு வார்ப்பட்டியை மேசையில் போட்டார். ஒரு இடத்தில் தையல் விட்டிருந்தது. செபஸ்தியன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எந்த மாட்டுக்கு?” என்று கேட்டாராம். டிரைவர் சந்து முழுக்கக் கேட்கிற மாதிரிச் சிரித்தார். “மாட்டுக்கில்ல அண்ணே, எங்க மிஸ்ஸுக்கு. பிளேன்ல இருந்து குதிக்கிறதுக்கு.”

மகாவலி ஆற்றுத் திட்ட வேலைக்காக வந்து வில்கமுவைப் பக்கம் தங்கியிருந்த வெளிநாட்டுப் பொறியியலாளர்கள் ஐந்தாறு பேர் லீவு நாட்களில் பாரசூட் கட்டிக் குதிப்பவர்கள். சின்ன விமானமொன்றை வாடகைக்கு எடுத்துக்கொள்வார்கள். அறுவடை முடிந்த வயல்வெளியில் வந்து இறங்குவார்கள். நில அளவை வேலை செய்த ஆஸ்ட்ரிட் என்ற நோர்வேக்காரிதான் அவர்களில் முன்னே நிற்பவர். செபஸ்தியன் தைத்துக் கொடுத்த வார்ப்பட்டியைக் கையால் இழுத்து, பல்லால் இழுத்து, கடைசியில் கடைக்கூரை வளையில் மாட்டி அதில் தொங்கியும் பார்த்தார். பிறகு, “மிஸ்டர் செபா, இனி எல்லாம் உங்களிடம்தான்” என்றார்.

வில்கமுவையில் முதல் தடவை ஆஸ்ட்ரிட் குதிப்பதைப் பார்த்துவிட்டு வந்து தெரேசா ஆன்ட்டி கேட்ட கேள்வியை ஊர் கனகாலம் சொல்லிச் சிரித்தது. “அந்தப் புள்ளைக்கு எறங்க வேற வழி இல்லையா? பிளேன்காரன்கிட்ட சொன்னா கொஞ்சம் கீழ பதிச்சு ஓட்ட மாட்டானா?”

குதிப்பவரின் முதுகில் இருப்பது ஒரு பைதான். அதற்குள் பாரசூட் இரண்டு. ஒன்றை ஒவ்வொரு தடவையும் விரிப்பார்கள், இறங்கியதும் அவர்களே மடித்துக்கொள்வார்கள். மற்றது ரிசேவ். முதலாவது சரியாக விரியாவிட்டால்தான் அதன் பிடியை இழுக்க வேண்டும். அதை மடிக்கப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். மடித்து மூடி, சிவப்பு நூல் கட்டி, ஈயத்தில் தன் முத்திரையை அழுத்திவிடுவார். நான்கு மாதத்துக்கு ஒருமுறை நூலை அறுத்துத் திறந்து மறுபடி மடிக்க வேண்டும். அதுவரை உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பையின் ஓரத்து உறைக்குள் ஒரு அட்டை இருக்கும். அதில் தேதியும் மடித்தவரின் கையெழுத்தும்.

வெளியிலிருந்து ஒரு பரிசோதகரை வரவழைத்தார்கள். அவர் முன்னிலையில் இருபது ரிசேவ் மடித்துக் காட்டிய பிறகு செபஸ்தியனுக்கு ஒரு பத்திரமும் முத்திரைக் குறடும் கிடைத்தன. எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்தில் அந்தச் சந்து எரிந்தபோது முத்திரைக் குறட்டையும் இரண்டு பைகளையும் மதிலுக்கு மேலால் வாங்கித் தன் வீட்டு நெல் மூட்டைக்குப் பின்னால் வைத்துக் காப்பாற்றியவர் பக்கத்துச் சைக்கிள் கடை முத்தலிப். கடையைத் திரும்பக் கட்டியதும் இருவருக்கும் ஒரே சுவர்.

கம்பிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரிசேவ் துணியோடு ஒரு சுருள்வில்லும் உள்ளே அமுங்கிக் கிடக்கிறது. எந்நேரமும் வெளியே பாயத்தான் பார்க்கும். ஒரு மடலை மடித்து, அதன் கண்ணுக்குள்ளால் ஒரு கயிற்றுக் காதை இழுத்து, காது நழுவாமல் ஒரு சின்னக் கம்பியைச் செருகி நிறுத்த வேண்டும். பிறகு அடுத்த மடல், அடுத்த கம்பி. கடைசியில் பிடியோடு சேர்ந்த ஊசியைப் போட்டுவிட்டு, இந்தக் கம்பிகளை ஒவ்வொன்றாக உருவிவிட வேண்டும். ஒன்று உள்ளே தங்கினால், பூட்டிவிட்டுச் சாவியை எறிந்த மாதிரி. பிடியை எவ்வளவு இழுத்தாலும் பை திறக்காது. அதற்காகத்தான் ஒவ்வொரு கம்பிக்கும் சிவப்புத் துணியில் ஒரு நீண்ட வால்.

பரிசோதகர் ஐந்து கம்பிகளைக் கொடுத்து, மூடிய பிறகு எண்ணாமல் முத்திரை குத்தக்கூடாது என்று சொல்லிப்போனார். செபஸ்தியன் வெறும் இலக்கத்தை நம்பவில்லை. ஒன்று, இரண்டு என்று போகும்போது மனம் எங்காவது போய்விடும் என்று பயந்தார். ஐந்து என்றதும் அவருக்கு வந்தது ஆண்டவரின் ஐந்து திருக்காயங்கள். ஒரு கம்பியை எடுத்துப் பலகையில் வைக்கும்போது ‘வலக்கை’ என்பார். அடுத்தது ‘இடக்கை’. பிறகு ‘வலக்கால்’, ‘இடக்கால்’. கடைசிக் கம்பியை வைத்து, ‘விலா’ என்று சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டு முத்திரைக் குறட்டை எடுப்பார். ஏழு வருஷம் ஒரு கம்பியும் தவறவில்லை. ஆஸ்ட்ரிட் சிரித்துக்கொண்டே அதைத் தன் மொழியில் பாடமாக்கிக்கொண்டாராம்.

அவர்களுக்குள் ஒரே ஒரு தடவைதான் மனஸ்தாபம் வந்தது. வில்கமுவையிலிருந்து தூரத்தில் தெரிந்த லக்கேகலை மலையின் செங்குத்துப் பாறையைக் காட்டி, தன் ஊரில் இப்படியான பாறைகளிலிருந்தும் குதிக்கிறார்கள், தானும் ஒருநாள் குதிப்பேன் என்று ஆஸ்ட்ரிட் சொன்னார். ரிசேவ்? அது கிடையாது. உயரம் போதாது, இரண்டாவதை விரிக்க நேரமிருக்காது, ஒன்றுதான். “ஒண்ணே ஒண்ண நம்பி ஒரு மனுசி குதிக்கிறதா? அப்ப நான் எதுக்கு?” என்று கேட்டுவிட்டு இரண்டு வாரம் அவரோடு பேசாமல் இருந்தார் செபஸ்தியன்.

எண்பத்தெட்டு முடியும்போது விமானம் வருவது நின்று ஒரு வருஷமாகியிருந்தது. பொறியியலாளர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். ஆஸ்ட்ரிட்டும் டிசம்பரில் புறப்பட்டார். ஊருக்குப் போனதும் குதிக்க வேண்டும், ரிசேவை மடித்து முத்திரை வைத்துத் தாருங்கள் என்று, புதிதாக எடுத்திருந்த பையை முந்திய நாள் பின்னேரம்தான் கொடுத்தனுப்பினார். அந்தப் பைக்கு மடல் ஆறு. ஐந்து கம்பி போதாது. சுவருக்கு அந்தப்பக்கம் இருந்த முத்தலிப் சைக்கிள் ஸ்போக் கம்பியொன்றை வெட்டி, முனையை அரத்தால் ராவி, ஆறாவதைச் செய்துகொடுத்தார். வாலுக்குச் சிவப்புத் துணியை வெட்டிவைத்து, பிறகு தைக்கலாம் என்று விட்டார் செபஸ்தியன். அப்போதைக்கு ஒரு கறுப்பு நூலைச் சுற்றிக்கொண்டார். பையின் உள்பக்கமும் கறுப்பு.

ஆஸ்ட்ரிட் புறப்படும் நாள் காலையில் கடைக்கதவில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது; அரசாங்கத்துக்கு எதிரான கிளர்ச்சிக் காலம் அது. பன்னிரண்டு மணிக்குப் பிறகு எந்தக் கடையும் திறந்திருக்கக்கூடாது. யார் ஒட்டியது என்று யாரும் கேட்பதில்லை, ஏன் என்றும் கேட்பதில்லை. ஆஸ்ட்ரிட்டின் ஜீப் ஒன்பது மணிக்கே வந்து நின்றது. அவர் மாலைக்குள் விமான நிலையம் போய்ச் சேர வேண்டும். ரிசேவ் மடிக்க நான்கு மணித்தியாலம் வேண்டும்; பன்னிரண்டுக்கு மூன்று கூட இல்லை. பதினொன்றரைக்குச் சந்தில் கடைக்கதவுப் பலகைகள் ஒவ்வொன்றாக விழும் சத்தம். டிரைவர் ஹோர்னை அடித்துக்கொண்டே இருந்தார். செபஸ்தியன் கடைசி ஊசியைப் போட்டார். கம்பிகளை உருவினார். பலகையில் வைத்தார். வலக்கை, இடக்கை, வலக்கால், இடக்கால், விலா. சிலுவை போட்டுக்கொண்டார். முத்திரை குத்தினார். அட்டையில் கையெழுத்து வைத்தார். ஆஸ்ட்ரிட் பையை முதுகில் மாட்டிக்கொண்டே ஜீப்பில் ஏறி, திரும்பிப் பார்த்துக் கையசைத்தார்.

மூன்று வாரத்துக்குப் பிறகு, ஜனவரியில் மூன்று ராசாக்கள் திருநாள் முடிந்த மறுநாள், முத்தலிப் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்டார்: “என்னா செபா, நான் போட்டுத் தந்த கம்பி எப்படி? வேல செஞ்சிச்சா, இல்ல வளஞ்சிருச்சா?”

செபஸ்தியன் கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து போய்ப் பலகையைப் பார்த்தார். ஐந்து சிவப்பு வால்கள் தொங்கின. ஆறாவதுக்குப் பெயர் கிடையாது. பெயரில்லாததை அவர் எண்ணவில்லை.

கீழே விழுந்து குப்பையோடு போயிருக்கலாம். அன்று அவசரத்தில் தெரேசா ஆன்ட்டி கடையைக் கூட்டியது உண்மை. குப்பை மேட்டை மூன்று நாள் கிளறினார்கள். முத்தலிப் கராஜிலிருந்து காந்தம் கொண்டுவந்து கயிற்றில் கட்டி இழுத்தார். ஆணியும் தகர மூடியும் வந்தன. கம்பி வரவில்லை. செபஸ்தியன் தந்தி அடிக்கக் கண்டிக்குப் போனார். தபால் கந்தோர் பூட்டியிருந்தது. தெரிந்த இங்கிலீஷில் இரண்டு கடிதம் எழுதிப் போட்டார். அந்த மாதங்களில் தபால் பைகள் எங்கே போயின, எங்கே எரிந்தன என்று யாருக்குத் தெரியும்? வில்கமுவையில் ஆஸ்ட்ரிட் வேலை செய்த கந்தோரில் ஆளில்லை.

அவர் கணக்கு இப்படி. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை நான்கு மாதம். அதற்குள் ரிசேவ் தேவைப்படாவிட்டால், ஏப்ரலில் அந்த ஊரில் ஒருவர் நூலை அறுத்துத் திறப்பார். கம்பி இருந்தால் கண்டுபிடிப்பார். திட்டி ஒரு கடிதம் வரும். “ஒரு கெட்ட வார்த்தையில ரெண்டு வரி வந்திருந்தாப் போதும் மகள். அத பிரேம் போட்டு மாட்டியிருப்பேன்.” ஏப்ரல் போனது. கடிதம் வரவில்லை. கம்பி உள்ளே இல்லாததால் வரவில்லையா, அல்லது ஏப்ரலுக்கு முன்பே அந்தப் பிடியை யாராவது இழுத்தார்களா?

அதற்குப் பிறகு அவர் ஒன்றையும் தானாக எண்ணவில்லை. பித்தான், ஊசி, பிள்ளைகளின் புத்தகப் பைக்குப் போடும் வளையம், எல்லாவற்றையும் கடைக்கு வருகிறவர்கள்தான் எண்ணிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் மார்ச், ஏப்ரலில் சந்தின் முனையிலிருந்த இலவ மரத்தில் காய் வெடித்துப் பஞ்சு மெதுவாக இறங்கும்போது கடைப் பலகையைப் பாதி சாத்திவிடுவார். பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில் ஐந்து காயங்களின் செபம் தொடங்கியதும் வெளியே வந்து நிற்பார். சுவாமி ஒருமுறை காரணம் கேட்டபோது, “எனக்கு அதுக்கு மேல எண்ணத் தெரியல சுவாமி” என்றாராம். யன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று, “என் கையெழுத்து அவங்க முதுகிலதான் இருக்கு” என்பார். யாரையும் பார்த்துச் சொல்வதில்லை அது.

சில நாள் அவருக்கு வேறொரு நம்பிக்கையும் வரும். ஆஸ்ட்ரிட் தன் ஊருக்குப் போய், சொன்னபடியே பாறையிலிருந்து குதிக்கத் தொடங்கியிருப்பார். அதற்கு ஒன்றே போதும். அந்தப் பை அலுமாரிக்கு மேலே கிடந்திருக்கும். எந்தக் காரியத்துக்காக இரண்டு வாரம் பேசாமல் இருந்தாரோ, அதே காரியத்தை ஆஸ்ட்ரிட் செய்திருக்க வேண்டுமென்று பதினைந்து வருஷம் மன்றாடியிருக்கிறார்.

நான் எழுதிய கடிதம் ஆஸ்ட்ரிட் முன்பு சேர்ந்திருந்த ஒரு பாரசூட் சங்கத்துக்குப் போனது. விலாசம் ஆஸ்ட்ரிட்டுக்கு முன்பு சாமான் வந்த அட்டைப்பெட்டியொன்றின் மேல் இருந்தது. செபஸ்தியன் தமிழில் சொன்னார், நான் இங்கிலீஷில் எழுதினேன். கம்பி, கறுப்பு நூல், தேதி, முத்திரை இலக்கம், எல்லாம். தபாலில் சேர்க்குமுன் கடைசியில் நானாக ஒரு வரி சேர்த்தேன். இந்த மனிதர் வயதானவர், பதினைந்து வருஷமாக நிம்மதியில்லாமல் இருக்கிறார், ஒரு நல்ல வார்த்தை அவருக்குப் பெரிய உதவியாக இருக்கும் என்று. நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

2004 பெப்ரவரியில் பதில் வந்தது. கடையில் முத்தலிப்பும் இருந்தார். நான் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன். ஆஸ்ட்ரிட் சங்கத்தை விட்டுப் போய்ப் பல வருஷமாகிறது, இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. ஆனால் அந்தப் பை முறைப்படி திறக்கப்பட்டது, உள்ளே கம்பி எதுவும் இருக்கவில்லை, பெரியவரை நிம்மதியாக இருக்கச் சொல்லுங்கள்.

“அல்ஹம்துலில்லாஹ்!” என்று முத்தலிப் எழுந்தே விட்டார். “கேட்டியா செபா? கம்பி இல்ல! தெரேசா, தேத்தண்ணிக்குச் சீனி கூடப் போடு!”

செபஸ்தியன் என்னைப் பார்த்தார். “தொறந்த தேதி இருக்கா மகள்?”

“இல்ல அங்கிள்.”

“தொறந்த ஆளு பேரு?”

“இல்ல.”

“அவரு முத்திர நம்பர்?”

“இல்ல.”

“ஆளையே தெரியாதுங்கிறாங்க. பைய மட்டும் தெரியுமா?” கடிதத்தை வாங்கி மடித்தார். “இது எண்ணின ஆளு எழுதினதில்ல. நீங்க எழுதினதச் சொல்லுங்க. முழுசா.”

என்னிடம் நகல் இருந்தது. ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். கடைசி வரிக்கு முன்னால் நிறுத்தினேன்.

“அவ்வளவுதானா?”

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. அந்த வரியையும் சொன்னேன். முத்தலிப் தலையைக் குனிந்துகொண்டார். செபஸ்தியன் கோபப்படவில்லை. “எவ்வளவு வரணும்னு நீங்களே சொல்லிக் குடுத்திட்டீங்களே மகள்” என்றார். பிறகு என் சப்பாத்தைப் பார்த்தார். “அடி விட்டிருக்கு, கழட்டுங்க, தச்சுத் தாறேன்.”

அதற்குப் பிறகு கிட்டத்தட்ட நான்கு வருஷம் அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. எனக்குக் கண்டியில் வேலை கிடைத்தது. மாதத்துக்கு ஒருமுறை மாத்தளைக்கு வரும்போது தகரத்தில் இருப்பதை எண்ணிக்கொடுத்துவிட்டுப் போவேன். 2008 மார்ச்சில் அவர் இறந்தார். பெட்டியை மூடும்போது ஆணி எத்தனை என்று முத்தலிப் இரண்டு தடவை எண்ணியதைப் பார்த்தேன். இலவம் பஞ்சு விழத் தொடங்கியிருந்த நேரம். தெரேசா ஆன்ட்டி அந்த ஐந்து கம்பிகளையும் என்னிடம் கொடுத்தார். என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. செபஸ்தியன் கடைசியாகக் கேட்டதை நான் இன்னும் செய்யவில்லை. தாளை எடுத்து வைக்கிறேன், தேதியைப் போடுகிறேன், அதற்கு மேல் கை போவதில்லை. உண்மையான பதில் வந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. அவர் பயத்தோடுதான் கேட்டார், ஆனாலும் கேட்டார்.

அவர் அதைக் கேட்டது 2007 கிறிஸ்மஸுக்கு முந்திய வாரம். தகரத்தைக் கவிழ்த்தேன், எண்ணினேன், சொன்னேன். அவர் காகிதத் துண்டைப் பிரித்துப் பார்க்கவே இல்லை.

“இன்னொரு காயிதம் எழுதணும் மகள். இந்த முற நான் சொல்றத மட்டும் எழுதுங்க. கம்பியப் பத்தி ஒரு வார்த்த வேணாம். எனக்கு வயசாச்சு, தூங்கல, அதெல்லாம் வேணாம். பை நம்பர், என் முத்திர நம்பர், நான் மூடின தேதி. அடுத்தது அத யாரு தொறந்தாங்க, என்னைக்கு, உள்ள என்னென்ன இருந்திச்சு, ஒவ்வொண்ணா எழுதி அனுப்பச் சொல்லுங்க. எத்தனை இருக்கணும்னு மட்டும் அவங்களுக்குச் சொல்லிறாதீங்க.”